படித்த படிப்பு கணக்கில் ஏற வேண்டும்
சமுதாயக் கல்லூரிகளும் கிரெடிட் மாற்ற ஒப்பந்தங்களும்: பெற்றோருக்கு ஒரு பாடம்



சென்ற கல்வியாண்டில் நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை நேர்காணலுக்கு நெல்பேட்டையிலிருந்து ஒரு தந்தை தம் மகளை அழைத்து வந்திருந்தார். அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்து, ஆடை வடிவமைப்பில் ஓராண்டு டிப்ளமோ படித்திருந்தாள். நல்ல மதிப்பெண். “ஓராண்டு இங்கே படித்தால் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்” என்று படித்த இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஆனால் பட்டப்படிப்புக்காகக் கல்லூரிக்குப் போனபோது, “எந்த ஒப்பந்தத்தின்படி?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் இருந்தது நோட்டீஸ் மட்டுமே. அந்தப் பிள்ளை மீண்டும் முதலாம் ஆண்டில்தான் சேர்ந்தாள். ஓர் ஆண்டுக் கட்டணமும் ஓர் ஆண்டு வயதும் போயின.

அவள் படித்தது வீண் என்று சொல்ல மாட்டோம். கற்ற தொழில் கையில் இருக்கிறது. ஆனால் கணக்கில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை, ஏற வேண்டுமானால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதே இம்மாதப் பாடம்.

கிரெடிட் என்றால் என்ன?

ஒரு பாடத்துக்கு மாணவர் செலவிடும் நேரத்தையும் உழைப்பையும் அளக்கும் அலகுதான் கிரெடிட். மதிப்பெண் எவ்வளவு நன்றாகப் படித்தார் என்பதைச் சொல்லும்; கிரெடிட் எவ்வளவு படித்தார் என்பதைச் சொல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) திறன் படிப்பு விதிகளில் சுமார் 15 மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். 2023-ல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் வகுப்பு, செய்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 30 மணி நேரம் ஒரு கிரெடிட். ஓராண்டுக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். ஆகவே ‘கிரெடிட்’ என்ற சொல் ஒன்றாக இருந்தாலும் படி ஒன்றல்ல. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் எத்தனை மணி நேரம் என்றும் பார்க்க வேண்டும்.

ஓரிடத்தில் பெற்ற கிரெடிட்டை வேறொரு நிறுவனம் தன் படிப்பின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்வதே கிரெடிட் மாற்றம். இதில் முக்கியமான சொல் ‘ஏற்றுக்கொள்வது’. கொடுப்பவர் எவ்வளவு உறுதி சொன்னாலும் போதாது. ஏற்பவர் ஏற்க வேண்டும்.

சமுதாயக் கல்லூரி வந்த வழி

அமெரிக்காவில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியே அங்குள்ள அரசு சமுதாயக் கல்லூரிகளில் முதலாவது. வீட்டுக்கு அருகில், குறைந்த கட்டணத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது அதன் நோக்கம். ஆனால் அங்கேயும் கிரெடிட் தானாக மாறவில்லை. ஃபுளோரிடா மாநிலம் 1971-ல் மாநிலம் முழுவதற்குமான ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. கலிஃபோர்னியா 2010-ல் சட்டமே இயற்றியது. குறிப்பிட்ட பாடங்களில் 60 கிரெடிட் முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. இன்னும் 60 கிரெடிட் படித்தால் பட்டம் உண்டு. படித்ததையே மறுபடி படிக்கச் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம்.

நம் பக்கத்தில் 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னை மயிலை உயர்மறை மாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளியை விட்டவர்கள், ஏழைப் பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் ஆகியோருக்கு ஒரு தொழிலும் அதோடு வாழ்க்கைத் திறனும் கற்றுத்தர வேண்டும் என்று சேசு சபையின் அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்து, தன் பெயரில் டிப்ளமோ வழங்க முன்வந்தது. 2013-ல் யு.ஜி.சி. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கணக்கு: ஆறு மாதச் சான்றிதழுக்கு 30 கிரெடிட், ஓராண்டு டிப்ளமோவுக்கு 60, ஈராண்டு உயர் டிப்ளமோவுக்கு 120, மூன்றாண்டு பி.வோக். பட்டத்துக்கு 180. 60 கிரெடிட் டிப்ளமோவில் 24 பொதுக் கல்வி, 36 தொழிற்கல்வி.

இடையில் நடந்த ஒன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. 2009-ல் இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது. ஈராண்டு படித்து அசோசியேட் பட்டம் பெற்றவர் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம் என்பது அதன் ஏற்பாடு. சில ஆண்டுகளிலேயே அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், திட்டம் நின்றால் உள்ளே இருக்கும் மாணவருக்கு என்ன வழி என்பது முன்னதாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

நாம் ஏற்கெனவே அறிந்த இரண்டு எடுத்துக்காட்டுகள்

இந்த விஷயம் நமக்குப் புதிதல்ல. புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுப் பிரிவு முடித்த பையன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறான். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவன் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேர்கிறான். இங்கே மாணவர் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அரசு விதியே எழுதப்பட்ட ஒப்பந்தமாக நிற்கிறது.

இரண்டாவது, மதரஸாக் கல்வி. ஆலிம் பட்டம் பெற்றவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலோ ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவிலோ பட்டப்படிப்பு சேர்ந்ததை நாம் கேள்விப்பட்டிருப்போம். எல்லா மதரஸாக்களின் சனதுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. தாங்கள் ஏற்கும் மதரஸாக்களையும் அவற்றின் எந்தச் சனது எந்தப் படிப்புக்குத் தகுதி என்பதையும் அப்பல்கலைக்கழகங்கள் பட்டியலாக வைத்திருக்கின்றன. 1924-ல் தொடங்கிய நம் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அப்படி ஏற்கப்பட்ட ஒன்று. ஒரே பாடநூலை ஓதியிருந்தாலும், பட்டியலில் இல்லாத மதரஸாவில் படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. சமுதாயக் கல்லூரிக்கும் இதே நியாயம்தான்.

ஒப்பந்தம் எப்படி உருவாகிறது?

நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் கணினி, தையல், மருத்துவ உதவியாளர் பயிற்சி என்று வகுப்புகள் நடத்துகின்றன. இவற்றைச் சமுதாயக் கல்லூரியாக வளர்க்க நினைப்பவர்களுக்காகவும், அங்கே பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்காகவும் படிகளை வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் படி, சேரவிருக்கும் பட்டப்படிப்பைப் பெயரோடு தீர்மானிப்பது. ‘ஏதாவது ஒரு டிகிரி’ என்று ஒப்பந்தம் செய்ய முடியாது. இன்ன கல்லூரியின் இன்ன பட்டப்படிப்பு என்று இருக்க வேண்டும்.

இரண்டாம் படி, பாட ஒப்பீடு. இரு தரப்பு ஆசிரியர்களும் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் வைத்து அலகு அலகாக ஒப்பிட வேண்டும். என்ன பாடம், எத்தனை மணி நேரம், செய்முறை எவ்வளவு, தேர்வு யார் நடத்துவது, தேர்ச்சி மதிப்பெண் என்ன என்று பார்க்கும் வேலை இது. அதிக உழைப்பு வேண்டியதும், அதிகமாகத் தவிர்க்கப்படுவதும் இந்த வேலைதான்.

மூன்றாம் படி, ஏற்கும் கல்லூரியின் ஒப்புதல். துறைத் தலைவர் “சரி” என்று சொன்னால் போதாது. அந்தத் துறையின் பாடத்திட்டக் குழு, அதன்பின் கல்விக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே நடத்துகின்றன. ஆனால் பட்டம் வழங்குவது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். ஆகவே பல்கலைக்கழக விதிக்கும் அது பொருந்த வேண்டும். தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரியாக இருந்தால் முடிவு கல்லூரி முதல்வர் கையில் இல்லை. பல்கலைக்கழகமே தீர்மானிக்க வேண்டும்.

நான்காம் படி, எழுதிக் கையெழுத்திடுவது. இங்கே ஒரு எச்சரிக்கை. ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்ற பெயரில் பல கையெழுத்தாகின்றன. பொன்னாடை போர்த்திய படம் நாளிதழிலும் வரும். உள்ளே ‘இரு நிறுவனங்களும் கல்வி வளர்ச்சிக்கு ஒத்துழைக்கும்’ என்று மட்டும் இருந்தால் அதனால் மாணவருக்கு ஒரு கிரெடிட்கூடக் கிடைக்காது. பலன் தருவது அதன் பின்னிணைப்பு: எந்தப் பாடத்துக்குப் பதிலாக எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்று காட்டும் அட்டவணை.

ஐந்தாம் படி, மறுபார்வை. பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். ஒரு பக்கம் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும். மாறாத அட்டவணை காலாவதியான மருந்துச் சீட்டு போன்றது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் அளவு. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும், அடுத்தவை திறன், விழுமியம், விரிவாக்கப் பணி என்று பிரிவுகள். உதாரணத்துக்கு ஒரு கல்லூரியின் முதலாம் ஆண்டை இப்படி வைத்துக்கொள்வோம்: தமிழ் 6, ஆங்கிலம் 6, முதன்மைப் பாடம் 20, சார்புப் பாடம் 10, திறன் பாடம் 4. மொத்தம் 46 கிரெடிட்.

ஒரு மாணவி 60 கிரெடிட் டிப்ளமோவோடு வருகிறாள். முதன்மைப் பாடத்தில் 15 பொருந்துகிறது. திறன் பாடம் 4 பொருந்துகிறது. அவள் படித்த ‘பேச்சு ஆங்கிலம்’ ஆங்கிலத் தாள் ஒன்றுக்கு, அதாவது 3 கிரெடிட்டுக்கு, ஈடாகிறது. ஆக 22. தமிழ் 6, ஆங்கிலம் 3, முதன்மை 5, சார்பு 10, மொத்தம் 24 கிரெடிட் குறைகிறது. பாதிக்கு மேல் பாக்கி இருக்கும்போது கல்லூரி இரண்டாம் ஆண்டில் சேர்க்கத் தயங்குவதில் வியப்பில்லை. 60 சம்பாதித்தவளுக்கு 22-தான் செல்லுபடியானது.

இப்போது அதே டிப்ளமோவை, ஏற்கும் கல்லூரியோடு உட்கார்ந்து பேசி வடிவமைத்ததாக வைத்துக்கொள்வோம். பொதுக் கல்விக்கான 24 கிரெடிட்டில் தமிழ் 6, ஆங்கிலம் 6, சார்புப் பாடம் 10 ஆகிய 22-ஐ அடக்கிவிடலாம். தொழிற்கல்விக்கான 36-ல் முதன்மை 20, திறன் 4 ஆகிய 24-ஐ அடக்கிவிடலாம். 46-ம் நிறைவாகிவிட்டது. அதே ஓராண்டு, அதே கட்டணம், அதே பிள்ளை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியதா என்பது மட்டுமே வேறுபாடு. படிப்பு முடிந்தபின் ஒப்பந்தம் தேடுவது, வீட்டைக் கட்டிவிட்டு மனைக்குப் பட்டா தேடுவதற்குச் சமம்.

கிரெடிட் வங்கி இருக்கிறதே?

2021 ஜூலையில் யு.ஜி.சி. ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்னும் கிரெடிட் வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. மாணவர் டிஜிலாக்கர் வழியாகக் கணக்கு தொடங்கலாம். கிரெடிட்டை மாணவரோ பெற்றோரோ ஏற்ற முடியாது; படித்த நிறுவனம்தான் ஏற்ற வேண்டும், அந்த நிறுவனம் வங்கியில் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். ஏற்றிய கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதி அளவாவது படித்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு.

நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த ஏழு ஆண்டுகள் பெரிய செய்தி. முதலாண்டு முடிந்ததும் நிக்காஹ், பிறகு குழந்தை என்று படிப்பு நின்றுபோன சகோதரிகள் காஜிமார் தெரு முதல் மேலூர் வரை எல்லா முஹல்லாவிலும் இருக்கிறார்கள். கிரெடிட் முறையாக ஏற்றப்பட்டிருந்தால், சில ஆண்டுகள் கழித்தும் விட்ட இடத்திலிருந்து தொடர வழி பிறக்கும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். வங்கி என்பது பத்திரமாக வைக்கும் இடம். அங்கே இருக்கிறது என்பதற்காக எந்தக் கல்லூரியும் அதை ஏற்றே தீர வேண்டும் என்றில்லை. அதற்கும் ஒப்பந்தமோ விதியோ வேண்டும்.

அரசு வேலை நினைப்பவர்களுக்கு

இன்னொரு கவனம். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெறும் பட்டம் அல்லது டிப்ளமோ தமிழக அரசுப் பணிக்குத் தகுதியாகாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசை வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2009 ஆகஸ்டில் பிறப்பித்த அரசாணை எண் 107 சொல்கிறது. ஆகவே பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைக்குச் சமுதாயக் கல்லூரி தொழில் தரும். பிளஸ் டூவுக்கு அது மாற்றாகாது. முதலில் பள்ளிப் படிப்பை முடிக்க வைத்துவிட்டு டிப்ளமோவுக்குப் போவது நல்லது.

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. இந்த டிப்ளமோவை யார் வழங்குகிறார்கள்? பல்கலைக்கழகமா, கல்லூரியா, வெறும் பயிற்சி நிலையமா?

2. எந்தக் கல்லூரியின் எந்தப் பட்டப்படிப்பில் இதை ஏற்கிறார்கள்? ஒப்பந்தத்தின் நகலையும் பாட அட்டவணையையும் காட்டுவீர்களா?

3. ஏற்கும் கல்லூரியின் கல்விக் குழு அல்லது பல்கலைக்கழகம் தீர்மானம் போட்டிருக்கிறதா? நாள் என்ன?

4. ஒப்பந்தம் எந்த ஆண்டு சேரும் மாணவர் வரை செல்லும்? என் பிள்ளை முடிக்கும் வரை உயிரோடு இருக்குமா?

5. எத்தனை மதிப்பெண் எடுத்தால் மாற்றம் கிடைக்கும்? இடம் உறுதியா, அல்லது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமா? இரண்டும் ஒன்றல்ல.

6. ஒப்பந்தமோ திட்டமோ நடுவில் நின்றுபோனால், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு?

7. கிரெடிட் விவரத்தோடு மதிப்பெண் பட்டியல் எப்போது கையில் கிடைக்கும்? கிரெடிட் வங்கியில் ஏற்றுவீர்களா?

பதிலை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். நகலோடு ஏற்கும் கல்லூரியின் அலுவலகத்துக்கு ஒரு நடை போய், “இது இப்போதும் நடப்பில் இருக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள். அரை நாள் வேலை, ஓராண்டைக் காப்பாற்றும். ஒப்பந்தம் இல்லை என்று தெரிந்தாலும் படிப்பு வேண்டாம் என்று பொருளல்ல. வேலைக்காகவே படிக்கலாம். பட்டத்துக்கான பாதை என்று நம்பிப் பணம் கட்டுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

வகுப்பு நடத்தும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தையல் இயந்திரமும் கணினியும் வாங்கும் முன், அருகிலுள்ள கல்லூரியின் துறைத் தலைவரைச் சந்தித்துப் பாடத்திட்டம் கேளுங்கள். நம் சமுதாயத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பாட ஒப்பீட்டு வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம். ஒப்பந்தம் இல்லாத வரை, நோட்டீஸில் ‘இரண்டாம் ஆண்டில் சேரலாம்’ என்று அச்சிடாதீர்கள். பிள்ளைகளின் காலம் நம்மிடம் உள்ள அமானிதம். உதவித்தொகை வழங்கும் அமைப்புகளும் விண்ணப்பத்தோடு ஒப்பந்த நகலைக் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தால், நிறுவனங்கள் தாமாகவே அதைத் தயாராக வைத்திருக்கும்.

கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதைப் பற்றியதுதான். சிறு கடனுக்கே அந்தக் கவனம் என்றால், ஒரு பிள்ளையின் ஓராண்டுக்கு எவ்வளவு வேண்டும்!

நெல்பேட்டைப் பிள்ளை இப்போது பட்டப்படிப்பைத் தொடர்ந்துகொண்டிருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அவள் இழந்த ஓர் ஆண்டை அவளுக்குப் பின்னால் வருபவர்கள் இழக்கக் கூடாது. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். ஏழு கேள்விகளையும் உங்கள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் கணக்கில் ஏறட்டும்.